நான்கு துண்டு மீன்

“நாலே நாலு துண்டு போதும் தம்பி. இருக்கிற மீன்ல அறுத்துக் குடுங்க.”

நாகம்மை ஆச்சி கடைப் பலகையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றார். காரைக்குடியில் 1969 சித்திரையில் நடந்த உணவுப் பொருட்காட்சி அது. ‘ஜப்பான் சுஷி, அபூர்வக் கடல்மீன்’ என்னும் பலகை தொங்கிய கடை அஃது ஒன்றே.

கடைக்காரர் சின்னக்கருப்பு, சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சமையல் கற்றவர். மஞ்சள் கயிறு கட்டிய கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“மீன் இல்லையே ஆச்சி. பலகையைக் கழட்டுறதுக்குள்ள வந்துட்டீக. இனி அடுத்த வாரந்தான்.”

“அடுத்த வாரம் வரைக்கும் அவுக இருக்கணுமே!”

பத்தடி தள்ளி, வேப்பமர நிழலில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் ஆச்சியின் கணவர் அழகுசுந்தரம் சாய்ந்திருந்தார். காய்ச்சலில் விழுந்தவர் பதினொரு நாள்களாகப் பார்லித் தண்ணீர் தவிர எதையும் உட்கொள்ளவில்லை. இனியும் உண்ணாவிட்டால் பிழைப்பதரிது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

முந்தாநாள் ஆச்சி அழுது கெஞ்சியபோது, “சிங்கப்பூர்ல தின்ன பச்சை மீன் கெடச்சாச் சாப்பிடுறேன், போ” என்று அவர் கண்களை மூடிக்கொண்டார். கிடைக்காது என்னும் துணிவில் சொன்ன சொல். மறுநாளே பொருட்காட்சித் துண்டறிக்கை ஆச்சியின் கைக்கு வந்தது.

சின்னக்கருப்பு நோயாளியின் அருகே சென்று குனிந்தார். “ஐயா, நெசமாவே சாப்பிடுவீகளா?”

அழகுசுந்தரத்தின் பார்வை கடைக்காரரின் கையில் சற்றே தங்கியது. “எந்த ஊரு தம்பி?”

“மானகிரிங்க.”

“ம். கொண்டாங்க.”

சின்னக்கருப்பு திரைக்குப் பின்னே மறைந்தார். சிறிது நேரத்தில் ஒரு தட்டுடன் வந்தார். புளிக்காடி கலந்த நான்கு சோற்றுருண்டைகள். ஒவ்வொன்றின்மேலும் கண்ணாடிபோல் மின்னும் வெண்ணிறத் துண்டு. அருகே கறுப்புச் சாறு.

பச்சை மீனைக் காணச் சகியாத ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெல்லும் ஓசை மட்டும் கேட்டது. ஒன்று. முருகா, இன்னும் ஒன்று உள்ளே போகட்டும். இரண்டு.

“எப்படி இருக்கு?”

“அப்பத் தின்ன மாதிரியே இருக்கு நாகம்மை.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. கை மூன்றாம் உருண்டையை நாடியது.

ஆச்சி கடைக்கு ஓடினார். “உசிரைக் குடுத்தீக தம்பி! என்ன மீன் அது?”

சின்னக்கருப்பு தலைகுனிந்து, மஞ்சள் கயிற்றைக் காட்டினார். “எங்க ஊரு அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கேன் ஆச்சி. இந்தக் கையால மீனைத் தொடுவேனா? பக்கத்துக் கடை நுங்குதான். மன்னிச்சிருங்க.”

ஆச்சி கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெரிந்தால் அவர் இனி வாயே திறக்கமாட்டார்! நல்லவேளை, ஒலிபெருக்கியின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்டிருக்க வழியில்லை.

அழகுசுந்தரம் கையசைத்து அழைத்தார். இருவரும் அருகே சென்றனர். தட்டு காலியாயிருந்தது.

“நுங்கு இன்னும் ரெண்டு வைங்க தம்பி, காப்பு அவுத்தப்புறம் மீன் திங்க வாரேன்.”