யானை செய்த புது விளையாட்டு

ஒரு காட்டில் விளையாட்டுகளை உருவாக்கிப் பிழைத்துவந்த யானை ஒன்று இருந்தது. கோடை வந்தால் அது ஆற்றங்கரையில் சேற்றுச் சறுக்கு அமைக்கும். காடே திரண்டு வந்து சறுக்கும். வருகிறவர்கள் கொண்டுவந்து தரும் தழையில்தான் யானையின் பெரிய கூட்டத்துக்கு வயிறு நிறைந்தது. அதனால் ஆண்டுதோறும் அதே சறுக்கைக் கொஞ்சம் உயரமாக்குவதோடு யானை நிறுத்திக்கொள்ளும்.

பக்கத்து மரத்து அணில் அப்படியில்லை. எப்போதும் புதிதாக எதையாவது செய்துபார்க்கும். பெரும்பாலும் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் அணில், கண்ணை மூடிக்கொண்டு, விழும் இலையின் சத்தத்திலிருந்தே மரத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை வைத்திருந்தது. யானை மட்டும் போய் ஆடியது. ஆடி முடித்தும் கண்ணைத் திறக்க அதற்கு மனம் வரவில்லை.

"இப்படிப் புதுசு புதுசா செய்யறியே, உனக்குப் பயமே இல்லையா?" என்று அணிலைக் கேட்டது.

"இருக்கு அண்ணே. ஆனா நான் தோத்தா நான் ஒருத்திதான் பட்டினி. நீங்க தோத்தா உங்க கூட்டமே பட்டினி. உங்க பயம்தான் பெரிசு."

யானைக்குத் துணிச்சல் இல்லை என்றுதான் அதுவரை எல்லாரும் பேசியிருந்தார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் சறுக்கு வழக்கம்போல் நடந்துகொண்டிருக்க, யானை அதன் பின்பக்கம் சின்னதாக ஓர் இடம் ஒதுக்கி அணிலை அழைத்தது. தும்பிக்கையால் தண்ணீர் தெளித்து வானவில் வரவழைத்து, அதைத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டு அது. வானவில் வரவில்லை. அணில் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். யானை தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

அணில் வாலை உதறிக்கொண்டு, "வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கண்ணே, இன்னொரு தடவை பாப்போம்" என்றது.