தானாகத் திறக்கும் சுவர்

"எழுத்துல குடுங்க சார்."

வைத்தீஸ்வரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அவருடைய அலுவலகத்தில் அவள் வேலையில் சேர்ந்த அன்றே, அங்கே மூத்தவரான கோகிலா மேடம் காதில் போட்டிருந்தார். லீவு கேளு, சம்பள உயர்வு கேளு, எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேட்டுறாத. மேலே இருப்பவர்கள் வாயால் சொல்வார்கள். கீழே இருப்பவர்கள் கையால் செய்வார்கள். மாட்டினால் கைதான் மாட்டும்.

"என்னம்மா எழுதணும்?"

"ஐஸ் தண்ணி ஊத்தினாத்தான் திறக்குதுன்னு."

ஜன்னலுக்கு வெளியே கல்லூரியின் புதிய கட்டடம். அவர் வரைந்தது. தெற்குச் சுவர் முழுக்க ஆயிரத்து இருநூறு அலுமினிய இதழ்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நினைவுக் கம்பி. வெயில் ஏறினால் கம்பி சுருங்கி இதழ் மூடும். ஆறினால் நீண்டு திறக்கும். மோட்டார் கிடையாது. கரண்ட் கிடையாது.

ஆறினால்தானே.

நாற்பது டிகிரியில் சுருங்கும் கம்பி. குளிர்நாட்டுக்காரன் பட்டியலிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டது. திருச்சி வெயிலில் அந்தச் சுவர் காலை எட்டு மணிக்கே நாற்பதைத் தாண்டிவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கும். பகலெல்லாம் மூடியே கிடக்கும். பிள்ளைகள் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுப் படிக்க வேண்டும்.

அறுபது டிகிரிக் கம்பி வாங்கலாம் என்று மூன்று கூட்டத்தில் சொன்னாள்.

மூன்றிலும் அவளை டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள்.

இன்று திறப்பு விழா. பதினோரு மணிக்கு இதழ்கள் விரிந்தாக வேண்டும். எல்லாம் வேண்டாம், மேடைக்கு எதிரே நாற்பது விரிந்தால் போதும்.

காலையிலேயே மீன் மார்க்கெட்டிலிருந்து நான்கு பார் ஐஸ் வந்திறங்கியிருந்தது. சுவருக்கும் இதழுக்கும் நடுவே, ஆள் திரும்ப முடியாத சந்தில், அஞ்சலையும் மூன்று சித்தாள்களும் வாளியோடு ஏறியிருந்தார்கள்.

"புத்தியுள்ள கட்டடம்னாங்க. இதை நாங்க குளிப்பாட்டி விடணுமாக்கும்," என்றிருந்தாள் அஞ்சலை.

கட்டடம் முழுக்க மீன் கவிச்சி.

வைத்தீஸ்வரன் சோதனை அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

'இதழ்கள் தாமாகவே மூடித் திறக்கின்றன.'

கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே காலி இடம். கையெழுத்து விழுந்தால் அடுத்த மாதம் வேலை நிரந்தரம். விழாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"உங்க வீட்ல மொதப் பட்டம் நீதானேம்மா? அதான் பேப்பர் மேல இவ்வளவு பக்தி."

"ஆமா சார். எங்க வீட்ல எல்லாரும் படிக்காமலே ரேகை வெச்சவங்க. நான் படிச்சுட்டேன்."

அவர் சிரித்தார். பெருந்தன்மையாம்.

இந்த மனிதர் எழுதிய புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் நகலெடுத்தவள் அவள். நினைக்கவே வாய் கசந்தது.

"போட்டுட்டுப் போம்மா. தாளாளர் வந்துட்டாரு. அறிக்கையை அவர் கையில குடுக்கணும்."

"அவர் கையிலதான் சார் இருக்கு."

"எது?"

"என்னோடது."

ஒரே பக்கம். காலையில் கைப்பட எழுதியது. எத்தனை டிகிரி, எத்தனை மணி, எத்தனை வாளி. கீழே முழுப் பெயர், கையெழுத்து, தேதி. கல்லூரி வாசலில் தாளாளரின் காரை மறித்துக் கொடுத்தாள். தாளாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் இந்த அறைக்கு வந்தாள்.

எழுத்தில் கேட்டது தாளுக்காக அல்ல. கேட்டால் அந்த முகம் எப்படி ஆகும் என்று பார்க்கத்தான்.

பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் முகம்.

மேசை மேல் அவருடைய செல்போன் தாளாளர் பெயரைக் காட்டி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, கையெழுத்தில்லாத அறிக்கையின் மேல் வைத்தாள்.

கதவைச் சாத்தாமல் வெளியே நடந்தாள். அறையின் ஏசி குளிரெல்லாம் வராந்தாவுக்கு வந்துகொண்டிருந்தது.