கவிழ்த்து வைத்த விலைப்பலகை

“கத்தரிக்காய் கிலோ எண்பது சதமோ? என்ன, தங்கத்திலயோ காய்ச்சிருக்கு?”

பவளம் ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கணவர் ஆனந்தராஜா சட்டென்று நாலு கடை தள்ளிப் போய், யாரோ எவரோ போல வெங்காயத்தை ஆராயத் தொடங்கினார்.

மெல்பர்னுக்கு வந்து எட்டு மாதம்தான். பெரிய கம்பனியில் பொறியியலாளர் வேலை. எழுபத்தாறாம் வருஷம்; இந்த ஊரில் உள்ள தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே வந்து, சனிக்கிழமைதோறும் மனைவி சந்தையில் நின்று கத்தரிக்காய்க்கு மல்லுக்கட்டினால் மனுசன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? மேலதிகாரி கண்டால் என்ன நினைப்பார்?

எல்லாம் லாகோஸில் பிடித்த பழக்கம். இதற்கு முன் நாலு வருஷம் அந்த ஆபிரிக்க நகரத்தில்தான் இருந்தார்கள். அந்தச் சந்தையில் விலை கேட்பதற்கு முன் வீட்டுச் சுகம் கேட்க வேண்டும். விற்பவள் வாங்குபவளை ‘கஸ்டமர்’ என்பாள். வாங்குபவளும் அவளை ‘கஸ்டமர்’ என்பாள். அந்நியர் என்று இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். ஆனால் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு நடந்தாலோ, என்னோடு என்ன கோபம் என்று கடைக்காரி முகம் சுருங்கிவிடும். போன புதிதில் பயந்து பயந்து கேட்ட பவளம், பிறகு பேரத்தில் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

பேரம் பேசும் நேரத்தில் அவள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டாள். கூரை இடுக்கால் இறங்கும் மெல்லிய குளிர்கால வெயிலில் கண் பாதி மூடியிருக்கும். எலுமிச்சை மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் அவளைச் சுற்றி மிதக்கும். குரல் பாட்டுப் போல ஏறி இறங்கும். “நான் போறன்” என்று பத்தடி நடப்பாள். “கஸ்டமர், வா!” என்று கடைக்காரி கூப்பிட்டதும் கனவில் நடக்கிறவள் மாதிரி திரும்பி வருவாள்.

கடைக்காரி கொன்சேட்டா, கறுப்பு உடை உடுத்த இத்தாலிய விதவை. ‘கஸ்டமர்’ என்று கூப்பிட அவளைப் பழக்கியதும் பவளம்தான். இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டும். ஆனால் நிற்காது.

திங்கள் முதல் வெள்ளி வரை பவளத்தின் வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

அன்றைக்கும் ஒரு வழியாக நாற்பது சதத்துக்கு முடித்துக்கொண்டு, பை நிறையக் கத்தரிக்காயோடு மிதந்து வந்தாள்.

“இனி சூப்பர் மார்க்கெட்தான். சந்தை இண்டையோட முடிஞ்சுது,” என்றார் ஆனந்தராஜா.

பவளத்தின் முகம் அப்படியே வாடிப்போனது. “இன்னும் ஒரே ஒரு கிழமையப்பா. அவவிட்டைச் சொல்லிப்போட்டாவது வாறன்.”

“கத்தரிக்காய் விக்கிறவளிட்டை என்னத்தைச் சொல்லுறது?” என்று முணுமுணுத்தாலும், சரி என்று தலையாட்டினார். அந்தக் கிழமை முழுவதும் பவளம் யாரோ ஊரை விட்டுப் போகப்போவது போல நடமாடினாள்.

அடுத்த சனிக்கிழமை, காரில் மறந்த பையை எடுக்க அவள் திரும்பிப் போக, ஆனந்தராஜா முன்னால் நடந்தார். கொன்சேட்டாவின் கடையில் ஒரு வெள்ளைக்காரி நின்றாள். கத்தரிக்காய்க் குவியலில் சோக்குக் கட்டியால் எழுதிய பலகை: ‘கிலோ 40 சதம்’. வெள்ளைக்காரி ஒரு வார்த்தை பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தூரத்தில் பவளத்தின் சேலை தெரிந்தது. கொன்சேட்டா அவசர அவசரமாகப் பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

“கஸ்டமர்! இன்று கத்தரிக்காய் எண்பது சதம்!”

ஆனந்தராஜாவுக்குத் தலைக்கேறிவிட்டது. மானம், மரியாதை, மேலதிகாரி எல்லாம் பறந்துபோக, ஒரே பாய்ச்சலில் கடை முன்னால் போய் நின்றார்.

“வெள்ளைக்காரிக்கு நாற்பது, என்ர மனுசிக்கு எண்பதோ? சந்தை அலுவலகத்தில சொல்லி இண்டைக்கே உன்ர கடையைப் பூட்டப் பண்ணுறன்!”

பவளம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். “வேண்டாமப்பா. வாங்கோ, போவம்.”

“உமக்குத் தெரியாது பவளம். எட்டு மாசமா இவ உம்மை ஏமாத்தியிருக்கிறா! பலகையைத் திருப்பிப் பாரும்!”

“எனக்குத் தெரியும்,” என்றாள் பவளம் மெல்ல.

கொன்சேட்டா பலகையை நிமிர்த்தி வைத்தாள். கடை போய்விடுமோ என்ற பயத்தில் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்: “நான் ஏமாற்றவில்லை, மிஸ்டர். பலகையைக் கவிழ்க்கச் சொன்னது உன் மனைவி. விலையைக் கூட்டிச் சொல் என்று கேட்டதும் அவள்தான். கூட்டிச் சொன்னால்தான் இறக்கி முடிக்க நேரமெடுக்கும். அவ்வளவு நேரமும் பேசலாம் அல்லவா? எனக்கும் வீட்டில் ஒருவரும் இல்லை.”

ஆனந்தராஜா மனைவியைப் பார்த்தார்.

“கதைக்கிறதுக்கோ? அதுக்கு வீட்டில நான் இருக்கிறன்தானே?”

பவளம் கண் கலங்கச் சிரித்தாள்.

“நீங்களும் விலை எழுதி வச்ச கடைதானேயப்பா. ‘சாப்பாட்டைப் போடும்’, ‘லைற்றை நிப்பாட்டும்’... அதுக்கு மேல ஒரு சொல்லு பேரம் பேசி வாங்க ஏலாது.”