ஏறவும் இறங்கவும்

"எந்தப் பாவிடா ஆத்துக்குக் குறுக்கே சுவரு வச்சது?" என்று கத்தியது வயிறு நிறைய முட்டையோடு வந்த கெண்டை. மேலே கூழாங்கல் மணலுக்குப் போய்ச் சேராவிட்டால் அத்தனை முட்டையும் வீண். தண்ணீர் அதிகம் இரைகிற இடம்தான் வழி என்று நம்பி, தடுப்பணையின் நடுவில் தாவித் தாவி மூக்கை உடைத்துக்கொண்டது.

"இரைச்சலைக் கேட்டு ஏமாறாதே தாயி, ஓரமா வா" என்றது, மீன்கள் ஏறவென்று கரையோரம் கட்டியிருந்த தொட்டிப்படி. "ஒரு தொட்டி தாவு, மூச்சு வாங்கு, அப்புறம் அடுத்தது."

"அதுக்கு நீ என்ன கேப்பே?"

"ஒண்ணும் வேண்டாம்."

இனாமாகக் கிடைத்த புழுவிலெல்லாம் தூண்டில்முள்ளைப் பார்த்து வளர்ந்தது கெண்டை. ஆனாலும் தாவியது. ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டது. உச்சிக்கு வந்ததும் கெண்டை படியைத் திரும்பிப் பார்த்தது.

"நல்லா இருப்பே அண்ணே. உன்னைக் கட்டின புண்ணியவான் யாரு?"

"சுவரு வச்சவரேதான்."

கெண்டை கீழே சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு கேட்டது: "குஞ்சுங்க இறங்குறப்ப?"

படி தயங்கியது. "பாதி, வாய்க்கால் மதகுல இழுபட்டு வயலுக்குப் போயிடும். அங்கே தண்ணி வத்தினா அவ்வளவுதான்."

கெண்டை கரைப்பக்கம் திரும்பி, கண்ணில் படாத அந்தச் சுவர் வைத்தவரைக் கூப்பிட்டது.

"மகராசா, ஏத்திவிட்டதுக்குக் கும்பிடுறேன். பாவின்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா என் பிள்ளைங்க வர்றதுக்குள்ள அந்த மதகு வாயில ஒரு கம்பிவலையைப் போட்டுடு!"