ஒரே ஒரு விண்ணப்பம்

"விசா முடியப் பதினோரு நாள் இருக்கும்போது கல்யாணம். அதுவும் அமெரிக்கப் பொண்ணோட. நான் என்ன சார் நினைக்கிறது?"

கிளீவ்லாந்து குடிவரவு அலுவலகத்தில் அதிகாரி ஹார்லன் ஃபைலை மேசையில் போட்டார். கல்யாண ஆல்பத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரி ஆல்பம் ஆயிரம் பார்த்தவர். எதிரே கானா நாட்டு க்வாபெனா, பக்கத்தில் அவன் மனைவி மார்லா. மனைவி வழியாகக் கேட்கும் கிரீன் கார்டை இவர் மறுத்துவிட்டால் க்வாபெனா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஆறு வருஷம் டயர் கம்பெனி ஆய்வுக்கூடத்துல இருந்திருக்கீங்க. ரப்பர் வேதியியல்ல டாக்டர் பட்டம். கம்பெனி மூலமாவே கிரீன் கார்டு வாங்கியிருக்கலாமே?"

பழைய கதையை எடுக்கவே கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மார்லாவும் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். ஆனால் க்வாபெனா ஒரு முடிவோடுதான் வந்திருந்தான். எதையும் ஒளிக்கப் போவதில்லை. இந்த ஊரை விட்டு நகரப் போவதும் இல்லை.

"முயற்சி பண்ணோம் சார். அதுக்கு என் வேலைக்கே பேப்பர்ல விளம்பரம் போடணும். தகுதியுள்ள அமெரிக்கர் யாரும் வரலேன்னாதான் எனக்குக் கார்டு. 'சும்மா ஒரு சடங்குதான், இதுக்கு யார் வரப்போறா'ன்னாங்க. ஒரே ஒரு விண்ணப்பம் வந்துச்சு. என்னுதைவிட நல்ல விண்ணப்பம்! வேலையை அந்த ஆளுக்கே கொடுத்துட்டாங்க. கார்டும் போச்சு."

"அடப்பாவமே! வேற இடத்துல தேடலையா?"

"பதினேழு கம்பெனி ஏறி இறங்கிட்டேன். கார்டு இருந்தாதான் வேலைன்னு அவங்க. வேலை இருந்தாதான் கார்டுன்னு நீங்க. நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

ஹார்லன் பேனாவை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தார்.

"அதோட விட்டாங்களா?" என்று தொடர்ந்தான் க்வாபெனா. "விசா இருக்கிற வரைக்கும் இருந்து, அந்த ஆளுக்கு மெஷின் எல்லாம் பழக்கிக் கொடுன்னுட்டாங்க. முதல் வாரம் முகம் கொடுத்தே பேசலை சார். வயிறு எரிஞ்சுது."

மார்லா மறுபடி மிதித்தாள். "போதும், விடு."

"இரு, முழுசாச் சொல்லிடறேன்."

ஹார்லனுக்கே மனசு கேட்கவில்லை. "உங்க பிழைப்பைக் கெடுத்த அந்த ஆளோட இப்பவும் பேச்சுவார்த்தை உண்டா?"

"பேச்சா? இன்னிக்குக் காலையிலகூட, கார் சாவியை எங்கே வெச்சேன்னு பெரிய சண்டை."

ஹார்லனின் பேனா நின்றது. அவர் பார்வை மெதுவாக மார்லாவின் பக்கம் திரும்பியது.

"என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க? விண்ணப்பம் போட்டது நான்தான்," என்றாள் அவள். "ஆனா சாவி இவன் பாக்கெட்லதான் இருந்துச்சு!"