சைஸ் கிடைக்காத காலுறை

“இன்னா சார், டாக்டர் எழுதிக் குடுத்த டைட் சாக்ஸ இன்னிக்கும் வாங்கலையா?” என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் சாய்மா, தணிகாசலத்தின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சைதாப்பேட்டை முழுக்கத் தேடிட்டேன்மா. என் சைஸ் கிடைக்க மாட்டேங்குது.”

கண்டக்டராக முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தபடி பஸ்ஸில் நின்ற கால். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாக முறுக்கிக்கொண்டிருந்தன. பாதத்திலிருந்து மேலே துணிக்கட்டை இறுக்கிச் சுற்றினாள்.

“அந்த சாக்ஸப் போட்டுக்கினா, டெய்லி காலைல இங்க வந்து கட்டுப் போட வேணாம். ரொம்ப நேரம் நிக்காதீங்க. படுக்கறப்ப காலுக்குத் தலகாணி வைங்க. ஆமா, சாப்டீங்களா?”

“ரெண்டு இட்லி. சட்னியில உப்பு தூக்கல்” என்று ஆரம்பித்தவர், கட்டு முடியும்வரை பேசிக்கொண்டேயிருந்தார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. கிளினிக் லீவு. இன்னா பண்ணுவீங்க?”

“பாத்துக்கறேன்மா.”

மறுநாள் காலை பீரோவைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கிவைத்த காலுறையை எடுத்தார். அளவு கச்சிதம். இரண்டே நிமிடத்தில் மாட்டிக்கொண்டு, தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்றைக்குச் சட்னியில் உப்பு சரியாக இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.