வயிற்றின் மேல் ஒரு கண்ணாடிக் கூடு

கிளினிக்கின் பச்சைத் திரைக்குப் பின்னால் கிரேன் ஆபரேட்டர் மல்லாந்து படுத்திருக்கிறார். இரண்டு முறை பார்த்தாயிற்று, ரத்த அழுத்தம் இறங்குவதாக இல்லை. மூன்றாம் முறையும் இப்படியே இருந்தால் நாளை முதல் அவரைக் கிரேனில் ஏற விடமாட்டார்கள். அதனால்தான் நர்ஸ் தியான மூச்சு சொல்லித் தருகிறாள். வயிற்றின் மேல் அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூடு. மூச்சை இழுத்தால் அது ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். இழுக்கிறார். கூடு துள்ளிக் கீழே விழுகிறது. "இருபது டன்னை அலுங்காம தூக்குற ஆளு, இதுக்குப் போயி திணறுறீங்களே!" என்று மனைவி எடுத்து வைக்கிறாள். அவள் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை. "நீங்க தூக்காதீங்க சார், அதுவே ஏறும். சும்மா கவனிங்க" என்கிறாள் நர்ஸ். "நான் தூக்காம அது எப்படிம்மா ஏறும்?"

பழக்க தோஷத்தில் வலது கை இல்லாத லீவரைத் தேடுகிறது. பிறகு விரல்கள் தளர்கின்றன. வேறு யாரோ ஓட்டும் கிரேனை வேடிக்கை பார்ப்பதுபோல் கூட்டையே பார்க்கிறார். ஜன்னல் வெளிச்சம் அதன் விளிம்பில் ஒரு கோடாக மின்னுகிறது. கோடு மெல்ல உயர்கிறது, ஒரு கணம் நிற்கிறது, இறங்குகிறது. மறுபடி உயர்கிறது. "அட, ஆபரேட்டரே இல்லாம ஓடுதே!" நர்ஸ் அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுகிறாள். புஸ் புஸ்ஸென்று காற்று ஏறுகிறது. முள் நடுங்கி நடுங்கி இறங்குகிறது. "குறைஞ்சிருச்சு சார்!" கட்டில் கம்பியைப் பிடித்தபடி மனைவி இன்னும் அசையாமல் நிற்கிறாள். அவர் தலையைத் திருப்புகிறார்.

"கேட்டுச்சா? இப்பவாவது நீ மூச்சை விடு."